தண்டையார்பேட்டையில் ஒரு சிம் மாற்றம்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து அப்பா அம்மாவுக்குப் புது ஃபோன் வாங்கிக் கொடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வேலையைத் திரும்பிப் போகும் வாரம்வரை தள்ளிப்போடாதீர்கள், வந்து இறங்கியதும் முடியுங்கள். ஃபோன் வாங்க ஒரு மணி நேரம் போதும். நேரத்தைத் தின்பது சிம்.

அம்மாவின் பழைய ஃபோனில் சார்ஜ் நிற்பதில்லை. வங்கிச் செயலியும் இந்த ஆண்ட்ராய்டு பழசு, புதுப்பியுங்கள் என்று அடம்பிடிக்க ஆரம்பித்திருந்தது. டி.எச். ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். விற்ற தம்பி நல்ல பொறுமைசாலி. என்னிடம் கேமரா பற்றிப் பேசாமல், அம்மாவின் கையில் ஃபோனைக் கொடுத்து எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினார், ரிங் சத்தம் காதில் விழுகிறதா என்று கேட்டார். ஒவ்வொரு ஃபோனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. பில்லில் இருக்கிறதா என்று மட்டும் நான் பார்த்துக்கொண்டேன். ஃபோன் தொலைந்தால் அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் முடக்க அது வேண்டும்.

வாட்ஸ்அப்பை அன்று ராத்திரியே, சிம் பழைய ஃபோனில் இருக்கும்போதே மாற்றிவிட்டோம். புது ஃபோன் காட்டுகிற க்யூஆரைப் பழையதால் ஸ்கேன் செய்தால் போதும், படம், குரல் பதிவு எல்லாம் நேராக வந்து சேர்கின்றன. கூகுள் டிரைவ் வழியாகப் போவதில்லை என்பதால், அங்கே இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி நிரம்பியிருந்தாலும் கவலை இல்லை.

அப்புறம்தான் சிம். பழையது கொஞ்சம் பெரிய அளவு, புது ஃபோனில் நுழையவில்லை. தெருமுனை சர்வீஸ் கடையில் வெட்டித் தரச் சொன்னேன். "பழைய சிம்முண்ணே, வெட்டினா சிப்பே போயிடும். ஆபீஸ்ல மாத்திக்கோங்க" என்று அனுப்பிவிட்டார். இருபது முப்பது ரூபாய் வரும்படியை விட்டுவிட்டு உண்மையைச் சொன்னதற்கு அவருக்கு ஒரு நன்றி.

சிம் நிறுவனத்தின் சேவை மையத்தில் கூட்டம் இல்லை. ஆனால் அம்மாவின் கைரேகையை அந்த இயந்திரம் ஏற்கவில்லை. "அம்மா, முந்தானையில துடைச்சிட்டு வைங்க" என்று அங்கிருந்த பெண் ஒவ்வொரு விரலாக வைக்கச் சொல்லிப் பார்த்தார். வருஷக்கணக்காகப் பாத்திரம் தேய்த்த கை, ரேகை எங்கே இருக்கப்போகிறது? கடைசியில் புகைப்படமும் அடையாள அட்டையும் வைத்து முடித்தார்கள். சிம்முக்குள் நம்பர் ஏதாவது பதிந்திருக்கிறதா என்று அந்தப் பெண்ணே கேட்டு, எல்லாவற்றையும் ஃபோனுக்கு ஏற்றியும் கொடுத்தார். புது சிம்மில் அவை வராது. அவர் கேட்டிருக்காவிட்டால் அம்மாவின் பாதி உறவுக்காரர்கள் காணாமல் போயிருப்பார்கள்.

அவ்வளவு அக்கறையாகச் செய்தவர்கள் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். வராது, போகாது. அடுத்தவர் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கி, ஓ.டி.பி. பிடித்து, கணக்கைத் துடைக்கிற கூட்டத்துக்காக அரசு வைத்த தடை இது. நல்ல தடைதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கவுன்டரில் ஒரு அட்டையில் எழுதி ஒட்டினால் என்ன?

அன்றைக்கென்று பார்த்து கேஸ் சிலிண்டர் வந்தது. டெலிவரிக்காரர் கோட் கேட்கிறார். அது எஸ்.எம்.எஸ்ஸில்தானே வரும்! அழைப்பு வருகிறது, நெட் வேலை செய்கிறது, எஸ்.எம்.எஸ். மட்டும் இல்லை. "நாளைக்கு வரேம்மா" என்று சிலிண்டரைத் திரும்ப வண்டியில் ஏற்றிவிட்டார்.

யு.பி.ஐ.யும் அதே கதை. புது ஃபோனில் அதைப் பதிய, நம் சிம்மிலிருந்து வங்கிக்கு ஒரு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். மீன்காரம்மாவிலிருந்து மாவுக்கடை வரை க்யூஆர் மாட்டியிருக்கும் ஊரில், அம்மா கையில் காசு வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டிருந்தார். எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். டொராண்டோவில் நான் ஃபோன் மாற்றினால் யாருக்கும் தெரியாது. இங்கே அம்மாவின் நம்பர் ஒரு நாள் ஊமையானதற்கு அடுப்பங்கரை முதல் மீன் கடை வரை நின்றுபோனது. ஏ.டி.எம்.மில் எடுத்த 500 ரூபாய் நோட்டுக்குச் சில்லறை தேடி அலைந்தேன்.

தடை நீங்கியதும் பதிவு சட்டென்று முடிந்தது. பழைய யு.பி.ஐ. ரகசிய எண்ணே செல்லும், புதிதாகப் போட வேண்டியதில்லை. வீட்டுக்குள் சிக்னல் சரியில்லை, கையோடு வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிடலாம் என்று அம்மா கேட்டார். அதுவும் உடனே நடக்காது: 2024 ஜூலை முதல், சிம் மாற்றி 7 நாள் ஆகாமல் போர்ட் செய்ய முடியாது.

டெம்பர்டு கிளாஸ் ஒட்டுவதற்கு மெட்ரோ பிடித்து பாரிமுனைப் பக்கம் போனோம். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் தொடங்கிய பர்மா பஜாரில் இப்போது பாதிக் கடை கவரும் சார்ஜரும்தான். குமிழி விழாமல் ஒட்டுகிற கை அங்கே இருக்கிறது, விலை மட்டும் பேரம் பேசினால்தான் படியும். பக்கத்தில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்க நான் ஃபோனை எடுத்தேன். கனடா உட்பட 10 நாட்டு நம்பர்களுக்கு 2023-இலேயே யு.பி.ஐ. அனுமதி வந்தாயிற்று, என் வங்கிதான் இன்னும் வழி பண்ணவில்லை. "நீ வைடா" என்று அம்மா தன் புது ஃபோனை நீட்டி ஸ்கேன் பண்ணினார்.