ஏற்காட்டுத் தோட்டத்தில் நானோ விஎன்ஏ: என் அனுபவம்

மச்சினனின் காப்பித் தோட்டத்தில் 7 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைக்கு ஆன்டெனாவாக இரண்டு கம்பம் நட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் 10 மீட்டர் அலுமினியக் குழாய். நடுவில் கால் அலைநீளம், அதாவது பத்தரை மீட்டர் இடைவெளி. இரண்டுக்கும் 90 டிகிரி பேஸ் வித்தியாசம் (ஒன்றின் அலை மற்றதைவிடக் கால் சுற்று பின்தங்குவது) கொடுத்தால் ஒரு பக்கம் மட்டும் சிக்னல் தூக்கலாக இருக்கும். ஆனால் ஒரு கம்பத்தில் கரண்ட் ஓடினால் பக்கத்துக் கம்பத்தின் இம்பீடன்ஸும் (ஏசி கரண்டுக்கு அது காட்டும் எதிர்ப்பு) மாறும். அந்த மியூச்சுவல் கப்ளிங்கை அளக்கத்தான் நானோ விஎன்ஏ என்ற, இம்பீடன்ஸ் அளக்கும் சின்னக் கருவியை வாங்கினேன்.

முதல் நாள் வீட்டுக்குள் உட்கார்ந்து, நீளமான கோஆக்ஸ் கேபிள் வழியாக அளந்தேன். ஒரு எண்ணும் உருப்படியாக வரவில்லை. அப்புறம் கருவியைக் கம்பத்தின் அடிக்கே கொண்டுபோய், அரை மீட்டர் கேபிளின் நுனியில் ஓப்பன், ஷார்ட், லோட் என்ற மூன்று சோதனை முனைகளையும் மாட்டி, அந்த நுனியிலிருந்தே அளக்கும்படி கேலிப்ரேஷன் செய்தேன். பக்கத்துக் கம்பத்தின் இணைப்பைக் கழற்றி விட்டபோது 47 ஓம், ரியாக்டன்ஸ் (இம்பீடன்ஸில் சக்தியைச் செலவழிக்காத பாகம்) கிட்டத்தட்ட இல்லை. மச்சினன் அதை ரேடியல் வயர்களோடு (கம்பத்தின் அடியிலிருந்து சுற்றிலும் விரித்த கம்பிகள்) கிளிப் போட்டு இணைத்ததும் 43 + ஜே13. ஜே போட்டது ரியாக்டன்ஸ் பாகம்.

முதல் அளவில் இரண்டாவதைக் கழித்து, 47ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் கப்ளிங்கின் அளவு 20 − ஜே15. (கம்பங்கள் இரண்டும் ஒரே அளவு என்பதால் இந்தக் கணக்கு போதும். வர்க்கமூலத்தின் இரண்டு விடைகளில், இந்த இடைவெளிக்கு ரெசிஸ்டன்ஸ் பாகம் பிளஸ்ஸாக இருப்பதுதான் சரி.) இதன்படி 90 டிகிரி வித்தியாசத்தில் சம கரண்ட் கொடுத்தால் ஒரு கம்பம் 32 − ஜே20, மற்றது 62 + ஜே20. இரண்டுமே 47 என்று நம்பி, பேஸ் வித்தியாசம் தரும் கேபிளை வெட்டியிருந்தால் அத்தனையும் வீண்.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். படம் பெரிதாகத் தெரியட்டுமே என்று லேப்டாப்பை யூஎஸ்பியில் மாட்டினேன். 43 என்றிருந்தது 46 ஆனது. கழற்றியதும் பழையபடி 43. அந்த வயரும் ஆன்டெனாவோடு சேர்ந்துவிடுகிறது. "மாமா, கையை எடுங்க, நம்பர் ஆடுது" என்று மச்சினனே சொன்னான். பேட்டரியில் ஓடுவதால்தான் இந்தச் சின்னக் கருவி இவ்வளவு பிடித்துப்போனது.

இந்தக் கருவியில் சிக்னல் முதல் போர்ட்டிலிருந்து மட்டும்தான் போகும். எதிர்த்திசையில் அளக்கக் கேபிளை மாற்ற வேண்டும். ஆன்டெனாவுக்கு இரு திசையிலும் ஒரே கப்ளிங் என்பதால் நமக்கு அது பிரச்சினையே இல்லை.

வெயிலில் திரை தெரியாது. ஒருவர் குடை பிடிக்க வேண்டியதுதான். என்னுடையது 2.8 அங்குலத் திரை. புதிதாக வாங்குபவர்கள் 4 அங்குலமே வாங்குங்கள்.