பரு மாத்திரையும் அக்காவின் பயமும்

அக்கா மகனுக்கு வயது 17. கன்னத்தில் பரு கட்டி கட்டியாக எழும்பி, தழும்பும் விழ ஆரம்பித்துவிட்டது. கோத்தகிரியிலிருந்து கோவைக்கு இறங்கித் தோல் மருத்துவரைப் பார்த்தோம். ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை என்றார். பஸ் மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் அக்கா போனில் படித்துவிட்டாள். "இதைச் சாப்பிட்டா மனச்சோர்வு வருமாமே, வேற ஏதாச்சும் கேளுடி."

வேறு என்றால் கிரீம், இல்லையென்றால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை. அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு என்ற கிரீம்கள் சாதாரணப் பருவுக்குப் போதும். தலையணை உறை வெளுத்துப்போகும், அவ்வளவுதான். கட்டிப் பருவுக்குக் காணாது. டாக்ஸிசைக்ளினுக்கு மனசு விஷயத்தில் அந்தக் கெட்ட பெயர் இல்லை. ஆனால் தண்ணீர் போதாமல் விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும், வெயிலில் தோல் கன்றும். குளிர் ஊர்தானே என்று இருந்துவிடக் கூடாது, மலை ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடத்தான் செய்யும்.

இனி அக்கா பயந்த மாத்திரை. அமெரிக்காவில் 1982-ல் அனுமதி பெற்றது. 1998-ல் அங்கே மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் பற்றிய எச்சரிக்கை சேர்ந்தது. பிரிட்டனில் 2023-ல், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தொடங்க இரண்டு மருத்துவ வல்லுநர்கள் ஒப்ப வேண்டும் என்று விதி வந்தது. ஆனால் பெரிய ஆய்வுகளில், சாப்பிட்டவர்களுக்குப் பொதுவாக மனச்சோர்வு கூடியதாகத் தெரியவில்லை. அதற்காக யாருக்குமே வராது என்று அர்த்தமில்லை. பருவே மனசைக் கெடுக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்கணும். எங்கள் பையன் ஜனவரி உறைபனிக்கு மூக்கு வரை சுற்றிய மப்ளரை ஏப்ரலிலும் கழற்றவில்லை.

தழும்பு விழுகிறதென்றால் என் ஓட்டு ஐசோட்ரெட்டினோயினுக்குத்தான். ஆனால் கவனிக்க ஆளில்லாத ஹாஸ்டல் அறையில் தொடங்க வேண்டாம். தூக்கம் கெட்டாலோ, பேச்சு குறைந்தாலோ உடனே டாக்டரிடம் சொல்லணும். சாகிற பேச்சு வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனை. கல்லீரலுக்கும் கொழுப்புக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. டாக்ஸிசைக்ளினோடு சேர்க்கவே கூடாது, மண்டைக்குள் அழுத்தம் ஏறலாம். கர்ப்பிணி தொடவே கூடாது, கருவுக்குக் கடும் ஊனம் வரலாம்.

அக்கா ஒருவழியாகச் சம்மதித்தாள். இது ஆறாவது வாரம். உதடு வெடித்து ஒரு வாசலின் டப்பா காலி. தினமும் காலையில் "ராத்திரி தூங்கினியா?" என்று அக்கா கேட்க, "தூங்கினேம்மா, விடு!" என்று சீறுகிறான். அது மாத்திரையா, 17 வயசா? நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த முறை டாக்டரிடம் காட்ட.