ஃபெரிட்டினா, சீரம் அயனா? ரத்தசோகைக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த பரிசோதனை

இரும்புச் சத்துப் பரிசோதனையை வெளியே அனுப்பாமல் எங்கள் லேபிலேயே செய்வது என்று முடிவானபோது எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சீரம் அயனும் டிஐபிசியும் (ரத்தத்தால் மொத்தம் எவ்வளவு இரும்பைச் சுமக்க முடியும் என்ற அளவு). சர்க்கரை, யூரியா பார்க்கிற செமி ஆட்டோ அனலைசரிலேயே இவற்றை ஓட்டலாம்; கிட் வாங்கினால் போதும். இன்னொன்று ஃபெரிட்டின். அதற்குத் தனியாக, ஆன்டிபாடியைக் கொண்டு அளக்கும் ஒரு இம்யூனோஅஸே மிஷின் வேண்டும், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கார்ட்ரிட்ஜ் போகும். விலையை மட்டும் பார்த்தால் முதல் வழிதான் லாபம். நாங்கள் ஃபெரிட்டினை எடுத்தோம். அதற்கான காரணம் லேப் நடத்துகிறவர்களுக்கு மட்டுமல்ல, டாக்டர் சீட்டோடு வந்து "ரெண்டுல எதை எடுக்கிறதுக்கா?" என்று கேட்கிறவர்களுக்கும் பயன்படும்.

முதல் படி எல்லோருக்கும் ஒன்றுதான்: சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை. ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13, கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இது இருந்தது. அடுத்து எம்சிவி, அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு. 100-க்கு மேலே இருந்தால் பி12, ஃபோலேட் பக்கம் போக வேண்டும். அது வேறு கதை. 80-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் இரும்புக் குறைபாடு, இல்லையென்றால் தலசீமியா ட்ரெய்ட் (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் கோளாறின் லேசான வடிவம்), அதுவும் இல்லையென்றால் நாள்பட்ட நோயால் வந்த ரத்தசோகை. நான் சொல்ல வந்த போட்டி இங்கேதான் தொடங்குகிறது.

இரண்டும் அளப்பது ஒரே பொருளை அல்ல. சீரம் அயன் என்பது ரத்தத்தில் அந்த நேரத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்ற சுமக்கும் புரதத்தோடு ஒட்டிப் போய்க்கொண்டிருக்கும் இரும்பு. ஃபெரிட்டின் என்பது உடம்பின் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் புரதம். ஒன்று வண்டியில் போகிற நெல், மற்றது குதிரில் கிடக்கிற நெல். வீட்டில் பஞ்சமா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் குதிருக்குள்தான் எட்டிப் பார்க்க வேண்டும்.

சரி, இவ்வளவுதான் காரணம் என்றால் பாடப்புத்தகமே போதும். எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: நோயாளி எந்த நிலையில் லேபுக்குள் வருகிறார் என்பது.

சீரம் அயனை ஒழுங்காக அளக்க, இரவு பட்டினி இருந்து, காலையில், இரும்பு மாத்திரையை ஒரு நாளாவது நிறுத்திவிட்டு வர வேண்டும். நடைமுறையில் அப்படி வருகிறவர்கள் எத்தனை பேர்? பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து, டாக்டரைப் பார்த்து, எங்களிடம் வந்து சேரும்போது பதினொன்று, பன்னிரண்டு மணி ஆகிவிடுகிறது. வழியில் இட்லியும் டீயும் உள்ளே போயிருக்கும். கர்ப்பிணிகளில் பலர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு மாத்திரையைப் போட்டுவிட்டுத்தான் வருவார்கள். "மாத்திரையை விடக் கூடாதுன்னு நர்சம்மா சொன்னாங்கக்கா" என்பார்கள். அவர்கள் செய்வது சரிதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்குச் சீரம் அயன் கிடுகிடுவென ஏறியிருக்கும். சேமிப்பே இல்லாத ஒரு பெண்ணுக்கு ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வந்துவிடும். அதைப் பார்த்து யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னால் பாதிக்கப்படுவது அந்தப் பெண்.

மாத்திரையே போடாவிட்டாலும் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் சீரம் அயன் ஏறி இறங்கும். இன்றைக்கு 45, நாளைக்கு 80 என்று வந்தால், உடம்பு மாறியதா, நேரம் மாறியதா என்று சொல்ல முடியாது. ஃபெரிட்டினில் இந்தத் தொல்லை இல்லை. சாப்பிட்டு வந்தாலும், மாத்திரை போட்டு வந்தாலும், மாலையில் வந்தாலும் அளவு பெரிதாக அசையாது. சேமிப்பு ஒரு வேளை மாத்திரையில் நிரம்பிவிடாது அல்லவா! ஊசி வழியாக இரும்பு ஏற்றியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. அயன் சுக்ரோஸ் போட்டபின் சில வாரங்களுக்கு ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும். அதனால் அந்த ஒரு கேள்வியை மறக்காமல் கேட்டுக்கொள்கிறோம்.

லேப் பக்கத்துச் சங்கடமும் உண்டு. சீரம் அயன் கிட் அளப்பது மிகக் குறைந்த அளவு இரும்பை. ஊரில் வருவது போர் தண்ணீர். வாளியைக் கவிழ்த்தால் அடியில் செம்மண் நிறத்தில் படியும். அந்தத் தண்ணீரில் கழுவிய கண்ணாடிக் குழாய் ஒன்று போதும், ரிசல்ட்டைத் தூக்கிவிட. புதுப் பிளாஸ்டிக் குழாய், டீஅயனைஸ்டு தண்ணீர் என்று எல்லாவற்றையும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். சிபிசிக்கு எடுத்த ஊதா மூடிக் குழாயிலிருந்து ஊற்றிப் பார்க்கவும் முடியாது, ஏனென்றால் ரத்தம் உறையாமல் இருக்க அதில் போட்டிருக்கும் இடிடிஏ இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கிட் மலிவுதான். ஆனால் நம்பகமான ஒரு எண்ணை வெளியே கொடுக்க அதைச் சுற்றிச் செய்ய வேண்டிய பராமரிப்பைக் கூட்டினால் அந்த மலிவு கரைந்துவிடுகிறது. கார்ட்ரிட்ஜ் விலை கூடுதல், மிஷின் சரியாக அளக்கிறதா என்று பார்க்கும் கன்ட்ரோலுக்கும் சில கார்ட்ரிட்ஜ்கள் போகும். ஆனால் தண்ணீரைப் பற்றிய கவலை இல்லை, திரும்பக் கூப்பிட வேண்டிய நோயாளிகளும் குறைவு. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த ஒருவரிடம் "நாளைக்கு வெறும் வயிற்றோடு வாங்க" என்று சொல்வது எனக்குப் பிடிக்காத வேலை.

ஃபெரிட்டின் குறைவாக வந்தால் அதைக் கிட்டத்தட்ட கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். இரும்புக் குறைபாட்டைத் தவிர அதை இவ்வளவு கீழே இறக்கும் காரணங்கள் அரிது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், மற்றபடி நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு 15-ஐ எல்லையாக வைக்கிறது. நடைமுறையில் பல டாக்டர்கள் 30-க்குக் கீழே வந்தாலே குறைபாடு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவர் சங்கம் அதே ஆண்டில், ரத்தசோகை உள்ளவர்களுக்கு 45 என்று சொன்னது. எனவே ரிப்போர்ட்டில் 18 என்று வந்து, பக்கத்தில் 'நார்மல் அளவு 10 முதல்' என்று அச்சாகியிருந்தால், நார்மல் என்று நிம்மதியாகப் போய்விடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

ஃபெரிட்டின் ஏமாற்றும் இடமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. காய்ச்சல், தொற்று, மூட்டு வாதம், கல்லீரல் கோளாறு இருந்தால் சேமிப்பு காலியாக இருந்தாலும் ஃபெரிட்டின் உயர்ந்து காட்டும். அழற்சி இருக்கும் பெரியவர்களுக்கு அதே வழிகாட்டுதல் எல்லையை 70-க்கு உயர்த்துகிறது. அதனால் சந்தேகம் உள்ளவர்களுக்குக் கூடவே, அழற்சியைக் காட்டும் சிஆர்பி பார்க்கிறோம். இந்த இடத்தில் டிஐபிசி உண்மையிலேயே கைகொடுக்கும். இரும்புக் குறைபாட்டில் அது ஏறும், நாள்பட்ட நோயில் இறங்கும். சிறுநீரக நோயாளிகளுக்கும் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (டிரான்ஸ்ஃபெரினில் எவ்வளவு பங்கு இரும்பால் நிரம்பியிருக்கிறது என்பது) 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்காமல் முடிவெடுப்பதில்லை. எங்களிடம் டயாலிசிஸ் செய்கிறவர்கள் அபூர்வமாகத்தான் வருகிறார்கள், அதனால் அந்தப் பக்கம் என் கருத்துக்கு எடை குறைவு. அவர்களுக்கு நாங்கள் முழு அயன் ப்ரொஃபைலை வெளியேதான் அனுப்புகிறோம்.

இன்னொன்று, முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். சில இம்யூனோஅஸே முறைகளில் அதிக அளவு பயோட்டின் ஃபெரிட்டினைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். முடி கொட்டுவதற்காகவே ஃபெரிட்டின் எழுதப்பட்டு வருகிறவர்கள்தான் இதையும் சாப்பிடுவார்கள் என்பதால் கட்டாயம் கேட்க வேண்டும். மிஷின் வாங்குமுன், அதன் முறையில் பயோட்டின் குறுக்கிடுமா என்று கம்பெனிக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஹெச்பிஎல்சி, அதாவது ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் பரிசோதனை. இதைப் போட்டியாகக் கருதாதீர்கள், இது கேட்கும் கேள்வியே வேறு. எம்சிவி 65 என்று இறங்கியிருக்கிறது, ஆனால் சிவப்பணு எண்ணிக்கை 55 லட்சத்துக்கு மேல் இருக்கிறது என்றால் எனக்கு உடனே தலசீமியா ட்ரெய்ட் சந்தேகம் வரும். எம்சிவியை மில்லியனில் உள்ள சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்து 13-க்குக் கீழே வந்தால் அந்தப் பக்கம் பார்க்கச் சொல்கிறது 1973-ல் மென்ட்சர் என்ற மருத்துவர் சொன்ன கணக்கு. அது ஒரு குறிப்பு மட்டும்தான், தீர்ப்பு அல்ல. ஹெச்பிஎல்சியில் ஹீமோகுளோபின் ஏ2 பொதுவாக 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பீட்டா தலசீமியா ட்ரெய்ட் என்று சந்தேகிக்கலாம். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் 1952-லேயே கண்டறியப்பட்ட அரிவாளணு (சிக்கிள் செல்) வகையையும் இதில் பிடித்துவிடலாம். ஃபெரிட்டின் குறைவு என்பதால் ட்ரெய்ட் இல்லை என்று ஆகிவிடாது, இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். கடும் இரும்புக் குறைபாடு ஏ2-ஐக் கொஞ்சம் கீழே இழுக்கும் என்பதால், அவசரமில்லாதவர்களுக்கு இரும்பைச் சரிசெய்துவிட்டு ஹெச்பிஎல்சி எடுப்பது நல்லது. கர்ப்பிணிகளுக்கு அப்படிக் காத்திருக்க நேரமில்லை. உடனே எடுத்து, ட்ரெய்ட் என்று வந்தால் கணவருக்கும் எடுக்க வேண்டும்.

ஹெச்பிஎல்சிக்கு மிஷின் வாங்குவதை எங்களைப் போன்ற சிறு லேபுகள் யோசிக்கவே வேண்டாம், பெரிய லேபுக்கு அனுப்பினால் போதும். ஆனால் ஹீமோகுளோபின் 5, 6 என்று இறங்கி, ரத்தம் ஏற்ற அட்மிட் ஆகப் போகிறவர் வந்தால், ஏற்றுவதற்கு முன்பே ஊதா மூடிக் குழாயில் ஒரு சாம்பிளும் ஃபெரிட்டினுக்கு ஒரு சாம்பிளும் எடுத்துவிட டாக்டரிடம் கேளுங்கள். ஏற்றிய பிறகு ஹெச்பிஎல்சியில் கொடையாளியின் ரத்தமும் கலந்துதான் தெரியும், சரியான விடைக்குச் சுமார் மூன்று மாதம் காத்திருக்க வேண்டிவரும்.