‘வெரிஃபைட்’ பச்சைக் குறியை நம்பி ஆதார் படம் அனுப்புவோர் கவனத்துக்கு

பழைய கேமராக்களையும் லென்ஸ்களையும் வாங்கி விற்கும் இணையக் குழுக்களில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். செய்திச் செயலி ஒன்றில், தமிழ்நாடு முழுவதிலுமிருந்து பல ஆயிரம் பேர் சேர்ந்திருக்கும் அப்படியொரு குழுவில், ‘அடையாளச் சரிபார்ப்பு’ என்ற பெயரில் உறுப்பினர்களிடம் வாங்கப்படும் ஆதார் படங்கள், வேறு உறுப்பினர்களை ஏமாற்றுவதற்குப் பயன்பட்டு வருகின்றன. என் பணம் போனது ஒரு பக்கம் இருக்க, என் முகத்தையும் முகவரியையும் காட்டி இன்னொருவரிடம் பணம் பறித்திருக்கிறார்கள். புகார் விசாரணையில் இருப்பதால் குழுவின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் இங்கே குறிப்பிடவில்லை. நடைமுறையைச் சொன்னாலே அங்கிருப்பவர்களுக்குப் புரிந்துவிடும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் குழு தொடக்கத்தில் மிக நன்றாக நடந்தது. அப்போது பாதிப் பேர் புனைபெயரில்தான் இருந்தார்கள். யாரும் யாரிடமும் அட்டை கேட்டதில்லை. நான் இரண்டு லென்ஸ்களை வாங்கியது, இன்றுவரை உண்மைப் பெயர் தெரியாத ஓர் அன்பரிடம். முன்பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் கடுகளவு பூஞ்சை இருப்பதை டார்ச் அடித்துப் படமெடுத்து, விலையைக் குறைத்துக்கொண்டு, “பாத்துட்டு வேண்டாம்னா திருப்பி அனுப்பிடுங்க சார்” என்று எழுதியவர் அவர். அவருடைய பெயர் பொய்யாக இருக்கலாம், ஆனால் அந்தப் பெயரில் ஆண்டுக்கணக்காக அவர் எழுதியவையும், அவரிடம் வாங்கியவர்கள் சொன்னவையும் எல்லோர் கண்ணெதிரிலும் கிடந்தன. யாரையாவது ஏமாற்றினால் அந்தப் பெயர் அன்றோடு செத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். சந்தையில் ஒருவருக்குக் கிடைக்கும் நாணயம் என்பது இவ்வளவுதான், அதற்கு ஆதார் தேவைப்படவில்லை.

குழுவைத் தொடங்கியவர்கள் வேலைப் பளுவால் ஒதுங்கிப் பொறுப்பைப் புதிய அட்மின்களிடம் கொடுத்த பிறகு நிலைமை மாறியது. பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பொருள்களை வாங்கவோ விற்கவோ விரும்புகிறவர்கள் ‘வெரிஃபைட் மெம்பர்’ ஆக வேண்டும் என்றும், அதற்கு ஆதார் அட்டையின் இரு பக்கப் படங்களோடு, அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தபடி எடுத்த செல்ஃபி ஒன்றையும், சிறிய கட்டணத்தையும் குறிப்பிட்ட ஒரு கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்றும் விதி வந்தது. புனைபெயரில் இருந்த பழைய ஆட்களில் பலர் இதற்கு இணங்காமல் வெளியேறிவிட்டார்கள். மேலே சொன்ன அன்பரும் அவர்களில் ஒருவர். அட்டைகளைப் பெற்றுக்கொள்ளும் அந்தக் கணக்குக்கோ பெயரும் இல்லை, தொலைபேசி எண்ணும் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிங்கத்தின் படம் இருந்தது.

நான் முதலில் அனுப்பியது மறைக்கப்பட்ட ஆதாரை, அதாவது முதல் எட்டு இலக்கங்கள் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும்படி ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே தரவிறக்கிக்கொள்ளக்கூடிய அட்டையை. உடனே பதில் வந்தது: “சார், மாஸ்க்டு ஆதார் அக்செப்ட் பண்றதில்ல. ஃபுல் நம்பர் தெரியணும். எல்லாரும் அனுப்பிட்டாங்க சார்.” முழு எண்ணோடு அனுப்பிய பிறகே என் பெயருக்குப் பக்கத்தில் பச்சைக் குறி விழுந்தது. எவர் பெயரையாவது சரிபார்க்க முழு ஆதார் எண்தான் வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஆதார் சட்டத்தில் 2019இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அட்டையின் நகலைக் கொண்டு அடையாளம் பார்ப்பவர்கள் ஆதார் எண்ணைச் சேகரிக்கவோ சேமித்து வைக்கவோ கூடாது. உண்மையாகவே சரிபார்க்க நினைப்பவருக்கு, அட்டையிலுள்ள கியூஆர் குறியீட்டை ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்தால் பெயரும் முகவரியும் நிழற்படமும் கிடைத்துவிடும். பன்னிரண்டு இலக்கமும் தேவையே இல்லை.

பறவைகளைப் படமெடுப்பதற்காக 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். பச்சைக் குறி பெற்ற ஓர் உறுப்பினர் 46,000 ரூபாய்க்கு விற்பதாகப் பதிவிட்டிருந்தார். அவரும், நான் கேட்காமலேயே, தன் ஆதார் படத்தையும் செல்ஃபியையும் எனக்கு அனுப்பினார்; விழுப்புரம் மாவட்ட முகவரி, சற்றே வெட்கத்தோடு சிரிக்கும் நடுத்தர வயதுக்காரர். அட்மினிடம் விசாரித்தபோது, “வெரிஃபைட் மெம்பர்தான் சார், பயப்படாம பண்ணுங்க” என்றார்கள். பாதித் தொகையை முன்பணமாக யுபிஐ வழியே செலுத்தினேன். மறுநாள் கூரியர் எண் வந்தது. அந்த எண்ணில் உண்மையிலேயே ஒரு பார்சல் நகர்ந்துகொண்டிருந்தது. ஆனால் அது வேறு யாருக்கோ வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருந்த பார்சல் என்பது, அது அங்கே பட்டுவாடா ஆன பிறகுதான் தெரிந்தது. அதற்குள் விற்பனையாளரின் கணக்கு அழிந்திருந்தது.

இதற்குப் பிறகு அட்மின்கள் நடந்துகொண்ட விதத்தைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். நடந்ததைக் குழுவில் எழுதினேன். சில நிமிடங்களில் என் பதிவு நீக்கப்பட்டது. ‘ஆதாரமின்றி உறுப்பினர்மீது அவதூறு கூடாது’ என்று ஒரு விதியைக் காரணம் காட்டினார்கள். பணம் செலுத்திய ரசீதையும் உரையாடலின் படங்களையும் ஆதாரமாக இணைத்து மறுபடி எழுதியபோது, ‘தனிப்பட்ட விவரங்களை வெளியிடக் கூடாது’ என்ற விதியைச் சொல்லி அதையும் நீக்கி, நான் எழுத முடியாதபடி செய்துவிட்டார்கள். அந்த விற்பனையாளரின் அடையாளத்தைத்தான் நீங்கள் சரிபார்த்து வைத்திருக்கிறீர்களே, அதைக் காவல்துறையிடம் கொடுங்கள் என்று தனிச் செய்தியில் கேட்டதற்கு வந்த பதில், “நாங்க பிளாட்ஃபார்ம் மட்டும்தான் சார், டீலுக்கு நாங்க பொறுப்பு இல்ல.” அன்றே குழுவிலிருந்து நீக்கப்பட்டேன். அவதூறைத் தடுக்கவும் அந்தரங்கத்தைக் காக்கவும் ஏற்பட்ட விதிகள் நல்லவைதான். ஆனால் ஏமாந்தவரின் வாயை மூட மட்டுமே அவை எடுக்கப்படும் இடத்தில், அட்மினும் மோசடிக்காரரும் வேறு வேறு ஆட்களா என்ற சந்தேகம் எழாமல் இருக்காது.

சந்தேகம் வலுப்பட்டது சில வாரங்கள் கழித்து. திருப்பூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவரும் அவருடைய தந்தையும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். “அண்ணா, பணம் போனா போகட்டும், கேமராவையாவது குடுத்துருங்க. அப்பா வட்டிக்கு வாங்கிக் குடுத்தது” என்றார் அந்தத் தம்பி. எனக்கு எதுவும் புரியவில்லை. அவர் கைபேசியை நீட்டினார். திரையில் இருந்தது என் செல்ஃபி. இடது கையில் அட்டை, பின்னால் நகைக்கடைக்காரர் கொடுத்த நாள்காட்டி. நாள்காட்டித் தாளில் தேதி தெளிவாகத் தெரிந்தது. அது நான் அட்மின் கணக்குக்குப் படம் அனுப்பிய நாள். அந்தப் படத்தை அந்த ஒரு கணக்கைத் தவிர வேறு எவருக்கும் நான் அனுப்பியதில்லை. அதே படத்தைக் காட்டி, என் பெயரில், இல்லாத கேமரா ஒன்றை அவருக்கு விற்றிருக்கிறார்கள். நல்லவேளையாக அந்தப் பெரியவர் நிதானமானவர். என் பணம் போன கதையையும் புகார் எண்ணையும் காட்டியதும் நம்பினார். வேறொருவராக இருந்திருந்தால் தெருவே கூடியிருக்கும். விழுப்புரத்து முகவரிக்கு நான் பதிவுத் தபால் அனுப்பி விசாரித்ததில், அந்த மனிதரும் இதே குழுவில் பச்சைக் குறிக்காக அட்டை அனுப்பியவர்தான் என்பதும், லென்ஸ் எதையும் விற்கவில்லை என்பதும் தெரியவந்தது.

ஆகவே இந்த ஏமாற்று வேலை சங்கிலியாக நடக்கிறது. இன்று சரிபார்ப்புக்கு வரும் அட்டை நாளை ஒரு விற்பனையாளரின் முகமாகிறது. இணையத்தில் பழைய பொருள் விற்பவர்களிடையே ராணுவ வீரர் அட்டையைக் காட்டி ஏமாற்றுவது நெடுநாளாக நடப்பதுதான். இங்கே அதையே குழுவின் விதியாக்கி, உறுப்பினர்களே வரிசையில் நின்று மூலப்பொருளைக் கொடுக்கும்படி செய்திருக்கிறார்கள். அட்டையின் படம், அப்படியொரு மனிதர் இருக்கிறார் என்பதைக் காட்டுமே தவிர, படத்தை அனுப்புபவர் அவர்தான் என்பதைக் காட்டாது. கியூஆர் குறியீட்டுக்கும் இதே வரம்பு உண்டு, ஏனெனில் திருடப்பட்ட அட்டையும் உண்மையான அட்டைதான். விற்பவரை வீடியோ அழைப்பில் வரச் சொல்லி, பொருளையும் அவர் முகத்தையும் சேர்த்துப் பார்ப்பதும், பணம் போகும் கணக்கின் பெயர் அட்டையிலுள்ள பெயரோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதும் இதைவிடப் பயனுள்ளவை. விற்பவரோ அட்மினோ இதற்கு மறுப்புச் சொன்னால் விட்டுவிடுங்கள், வேறு லென்ஸ் கிடைக்கும்.

நேர்மையானவர்கள் கையிலும் அடையாளப் படங்கள் பாதுகாப்பாக இருப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தென்கொரியாவில் 2007இல் பெரிய தளங்களில் கருத்து எழுதுவோர் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்று சட்டம் வந்தது. 2011இல் அங்கே நேட் என்ற இணையத் தளமும் சைவேர்ல்டு என்ற சமூக வலைத்தளமும் ஊடுருவப்பட்டு ஏறத்தாழ 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. 2025இல், உரையாடல் செயலி நடத்தும் டிஸ்கார்டு நிறுவனத்துக்காக வேலை செய்த வெளி நிறுவனத்தின் வழியே, வயதை நிரூபிக்கப் பயனர்கள் அனுப்பிய அரசு அடையாள அட்டைப் படங்கள், சுமார் 70,000 பேருடையவை, கசிந்திருக்கக்கூடும் என்று அந்நிறுவனமே அறிவித்தது. அவர்களிடமாவது கேள்வி கேட்க ஒரு முகவரி இருக்கிறது. சிங்கப் படத்திடம் யார் போய்க் கேட்பது?

பெயரை மறைத்து எழுதும் உரிமைக்கு எதிராக நான் எதுவும் சொல்லவில்லை. உறுப்பினர்களின் முழு அடையாளத்தையும் கேட்கிற அட்மின்கள், தங்கள் அடையாளத்தை ஒரு துளிகூட வெளியிடாமல் இருப்பதைத்தான் குறை சொல்கிறேன். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், செயலியை நடத்தும் நிறுவனம் குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரை வெளியிட வேண்டும் என்கின்றன. ஆள்மாறாட்டம் பற்றிய புகாருக்கு அந்த அலுவலரே பதில் சொல்லக் கடமைப்பட்டவர். பதில் திருப்தி தராவிட்டால் 2023இல் அமைக்கப்பட்ட மேல்முறையீட்டுக் குழுக்களிடம் போகலாம். நானும் எழுதினேன். ஒரு கணக்கை முடக்கினார்கள். வேறு விலங்குப் படத்தோடு இன்னொரு கணக்கு வந்துவிட்டது. குழு இப்போதும் நடக்கிறது.

பணம் போனதும் சைபர் மோசடிக்கான உதவி எண்ணான 1930க்கு அழைத்தேன், சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்தேன். பணம் சென்ற கணக்கு முடக்கப்பட்டபோது அதில் மிகச் சிறிய தொகைதான் மிஞ்சியிருந்தது. திருப்பூர்க்காரர்கள் வந்துபோன பிறகு, என் படம் ஆள்மாறாட்டத்துக்குப் பயன்படுகிறது என்று தனியாக இரண்டாவது புகார் கொடுத்தேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி (அடையாளத் திருட்டு), 66டி (ஆள்மாறாட்ட மோசடி) பிரிவுகள் இதற்கானவை. பணம் போகாவிட்டாலும், அந்தக் குழுவுக்கு அட்டை அனுப்பிய எவரும் இந்தப் புகாரைக் கொடுத்து வைப்பது நல்லது, ஏனெனில் ஏமாந்த ஒருவர் உங்கள் முகவரியைத் தேடி வரும்போது கையில் காட்ட அந்தக் காகிதம் ஒன்றுதான் இருக்கும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கின்றன என்று பாருங்கள். தெரியாத எண் இருந்தால் அங்கேயே தெரிவிக்கலாம். ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம், ஆனால் அது கைரேகை வழி மோசடியைத் தடுக்குமே தவிர, படமாகச் சுற்றும் அட்டையைத் தடுக்காது.

இன்னும் குழுவில் இருந்துகொண்டு சந்தேகத்தோடு இருப்பவர்கள், அங்கே ஒரு வரி எழுதுவதற்கு முன்பே, அட்மினோடு நடந்த உரையாடல் முழுவதையும் தேதியோடு கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; கணக்கின் பயனர் பெயர், பணம் செலுத்திய யுபிஐ முகவரி, பரிவர்த்தனை எண் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நீக்கப்பட்ட பிறகு குழுவின் பக்கம் திறக்காது. அட்மின் தன் பக்கத்திலிருந்து உரையாடலை அழித்தால் உங்கள் கைபேசியிலும் அது மறைந்துபோகும் வசதி அந்தச் செயலியில் இருக்கிறது. என் புகாரில் இணைக்க முடிந்தவை, முதல் பதிவை எழுதுவதற்கு முன்னால் எடுத்து வைத்திருந்தவை மட்டும்தான்.