ஆசிரியரல்லாத பணியாளர்கள் எந்தச் சங்கத்தில் சேரலாம்?

பஸ் ஓட்டுநர், சமையல் பணியாளர், வகுப்பறை உதவியாளர், எழுத்தர், துப்புரவுப் பணியாளர், இரவுக் காவலர். பள்ளியில் இத்தனை பேருக்கும் சேர்த்து ‘ஆசிரியரல்லாதோர்’ என்று ஒரே பெயர். யாராக இல்லை என்பதை வைத்து ஒரு கூட்டத்துக்கே பெயர் சூட்டியிருக்கிறோம்! சங்கம் சேரும்போதும் இந்தப் பெயரே சிக்கலைத் தொடங்கி வைக்கிறது. ஆசிரியர் சங்கத்துக்குள் போய்ச் சேர்வதா, தங்களுக்கென்று தனிச்சங்கம் வைப்பதா, பல துறைத் தொழிலாளர்களும் இருக்கும் பெரிய பொதுச் சங்கத்தில் கிளையாக இணைவதா?

ஆசிரியர் சங்கத்தில் சேர்வதன் கவர்ச்சி புரிகிறது. அங்கே அலுவலகம் இருக்கிறது, வழக்கறிஞர் இருக்கிறார், அதிகாரிகளிடம் செல்வாக்கு இருக்கிறது. ஒரே வளாகம், ஒரே நிர்வாகம், ஒரே சங்கம் என்பது கேட்கவும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது கதை மாறும். ஆசிரியருக்கு வகுப்பில் மாணவர் எண்ணிக்கை முக்கியம். சமையல் பணியாளருக்கோ விடுமுறை மாதங்களில் சம்பளம் உண்டா, பகுதிநேர வேலைக்கு மருத்துவக் காப்பீடு உண்டா என்பதுதான் கவலை. பேச்சுவார்த்தை இழுத்தால் முதலில் கைவிடப்படுவது சிறுபான்மையின் கோரிக்கை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஓட்டுக் கணக்கு அப்படி.

இங்கிலாந்தில் இதற்கு இன்னொரு முகம். அங்கே ஆசிரியர் சங்கத்தில் ஆசிரியரல்லாதோரும் உறுப்பினராக இருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய சம்பளம் பெரும்பாலும் முடிவாகும் உள்ளாட்சி ஊழியர்களுக்கான தேசியப் பேச்சுவார்த்தையில் அவர்களுக்காகப் பேசுவது யூனிசன், ஜிஎம்பி, யுனைட் என்ற மூன்று பொதுச் சங்கங்கள்தான். உங்கள் சந்தா ஓரிடம் போகிறது, உங்கள் சம்பளம் வேறோரிடத்தில் முடிவாகிறது. சேரும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் பின்னால் வருத்தம்தான்.

தனிச்சங்கத்தில் இந்தக் குழப்பம் கிடையாது. செயலாளரே காலையில் பஸ் ஓட்டிவிட்டு வருபவராக இருப்பார். அவரிடம் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவருக்கு மெமோ வந்தால் பதில் எழுதுவதும் அவரே, விசாரணைக்குத் துணையாகப் போவதும் அவரே, சந்தா பிரிப்பதும் அவரே. இரண்டு வருடத்தில் மனிதர் களைத்துவிடுவார். பணமும் குறைவு. நீண்ட வேலைநிறுத்தத்தைத் தாங்கும் நிதி சின்னச் சங்கத்திடம் இருக்காது.

ஆனால் தனியாக இருப்பதற்கும் தனித்துப் போவதற்கும் வித்தியாசம் உண்டு. 2018 பிப்ரவரி 22 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, ஆசிரியர்களுக்கு இரண்டு சங்கங்கள், மற்றவர்களுக்குத் தனியாகப் பள்ளிச் சேவைப் பணியாளர் சங்கம். மூன்றும் சேர்ந்து இறங்கின. ஓட்டுநர்கள் பஸ்ஸை எடுக்காமல், சமையலறையும் திறக்காமல் எந்த அதிகாரியாலும் பள்ளியை ஒப்புக்குக்கூட நடத்த முடியாது. 55 மாவட்டங்களிலும் பள்ளிகள் மூடின. தலைவர்களும் ஆளுநரும் உடன்பாடு என்று அறிவித்த பிறகும் கீழே இருந்தவர்கள் திரும்பவில்லை. 9 பள்ளி நாட்கள் போராடி, எல்லா மாநில ஊழியர்களுக்கும் 5 சதவீத உயர்வு வாங்கினார்கள்.

லாஸ் ஏஞ்சலீஸில் 2023 மார்ச் மாதம் நடந்தது இதைவிட எனக்குப் பிடித்த கதை. அங்கே ஓட்டுநர்கள், துப்புரவுப் பணியாளர்கள், உதவியாளர்கள் என்று சுமார் 30,000 பேர், சேவைத்துறை ஊழியர்களின் பெரிய சங்கமொன்றின் 99ஆம் கிளையில் இருந்தார்கள். ஆசிரியர்களுக்கு வேறு சங்கம். மூன்று நாள் வேலைநிறுத்தம் இவர்களுடையது. ஆசிரியர்கள் மறியலைத் தாண்டி உள்ளே போக மறுத்துக் கூடவே நின்றார்கள். சராசரியாக ஆண்டுக்கு 25,000 டாலர்தான் வருகிறது என்று சங்கம் சொல்லிவந்த இவர்களுக்குப் பல கட்டங்களாக 30 சதவீத உயர்வு கிடைத்தது. அடுத்த மாதம் ஆசிரியர்களும் தங்கள் ஒப்பந்தத்தை முடித்தார்கள். ஒரே சங்கமாக இருந்திருந்தால் முதல் வரிசை துப்புரவுப் பணியாளருக்குக் கிடைத்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

பொதுச் சங்கத்தின் பலம் அரசே எதிரில் நிற்கும்போது தெரியும். கனடாவின் ஒன்டாரியோவில் 2022 நவம்பரில், 55,000 பள்ளிப் பணியாளர்களின் வேலைநிறுத்தத்தைத் தடுக்க அரசு சட்டமே இயற்றியது. மீறினால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 4,000 டாலர் வரை அபராதம். மறுநாளே வெளியே வந்துவிட்டார்கள். கியூபி (CUPE) என்ற நாடு தழுவிய பொதுத்துறைச் சங்கம் அவர்களுக்குப் பின்னால் இருந்தது; தனியார் துறைச் சங்கங்களும் குரல் கொடுத்தன. சில நாட்களிலேயே முதல்வர் சட்டத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். ஒரு சின்னத் தனிச்சங்கம் அந்த அபராதத்துக்கு முதல் நாளே அடங்கியிருக்கும்.

இதிலும் குறை உண்டு. பெரிய சங்கத்தில் உங்கள் மெமோ ஒரு கோப்பு எண் ஆகிவிடலாம். போன் செய்தால் யாரோ எடுப்பார், ஆனால் அவருக்குப் பள்ளிச் சமையலறை எப்படி இருக்கும் என்றே தெரியாமல் இருக்கலாம்.

ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் கேள்வியே வேறு. சம்பளம் தருவது பள்ளி அல்ல, நிறுவனம். அதே நிறுவனம் ஆஸ்பத்திரியிலும் விமான நிலையத்திலும் ஆள் வைத்திருந்தால், அங்கெல்லாம் கால் பதித்த பொதுச் சங்கம்தான் அதை அசைக்க முடியும். இவர்களுக்கு நான் வேறு யோசனை சொல்ல மாட்டேன்.

நேரடி ஊழியர்களுக்கு என் ஓட்டு லாஸ் ஏஞ்சலீஸ் பாணிக்கு: பெரிய சங்கத்தின் கீழே, பள்ளிப் பணியாளர்களுக்கு மட்டுமேயான கிளை, அதற்குத் தனித் தேர்தல், தனிப் பேச்சுவார்த்தைக் குழு. அப்புறம் ஆசிரியர் சங்கத்தோடு, நீங்கள் இறங்கினால் நாங்கள் உள்ளே போகமாட்டோம் என்று முன்கூட்டியே ஒரு புரிதல். வேலைநிறுத்தம் அறிவித்த பிறகு ஆதரவு கேட்டுப் போனால் அனுதாபம்தான் கிடைக்கும்.

எந்தச் சங்கத்திலிருந்து ஆள் வந்தாலும், படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். கடைசியாகப் போட்ட ஒப்பந்தத்தின் நகலை வாங்கி, நம் வேலை எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள். கிளைக் கூட்டம் எத்தனை மணிக்கு என்றும் விசாரியுங்கள். மாலை நான்கு மணி என்றால் ஆசிரியர்களுக்கு வசதி. துப்புரவுப் பணியாளர் அப்போதுதான் வாளியை எடுத்திருப்பார், ஓட்டுநர் பிள்ளைகளோடு பாதி வழியில் இருப்பார்.