மகனின் அலைச்சறுக்குப் பலகை: மூன்று சீசன் பாவித்த அனுபவம்

கிழக்கிலங்கையில் கடலோரப் பொத்துவிலில் பிறந்து வளர்ந்தும் எனக்கு அலைச்சறுக்குத் தெரியாது. எங்களுக்குக் கடல் என்றால் தொழில். 8 வயதில் மகன் வந்து, "வாப்பா, எனக்கும் ஒரு போர்ட் வாங்கித் தாங்க" என்று கேட்டபோது, எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. இப்போது அவனுக்கு 11. மூன்று சீசனில் மூன்று பலகையும், பலகையைக் காலோடு இணைக்கும் ஐந்து லீஷும் பாவித்துவிட்டோம். பிள்ளைக்குப் பலகை வாங்க நினைக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

முதல் பலகை 8 அடி ஃபோம், அதாவது மேல்தோல் மென்மையான பழகுபலகை. பிள்ளை வளரும்தானே, பெரிதாகவே எடுப்போம் என்று வாங்கினேன். பெருநாள் சட்டையை அப்படி வாங்கலாம், பலகையை வாங்கக் கூடாது. அப்போது அவன் 126 சென்ரிமீற்றர் உயரம், 24 கிலோ. பலகையின் கன அளவோ 80 லீற்றருக்கு மேல், அகலம் 22 அங்குலத்துக்கு மேல். கக்கத்தில் இடுக்கினால் மற்ற ஓரத்துக்கு விரல் எட்டாது. அதில் படுத்துத் துழாவுவதற்கே கையை ஓரத்தைச் சுற்றி வளைத்துத்தான் தண்ணீரைத் தொட வேண்டும். பத்து நிமிடத்தில் தோள் சோர்ந்துவிடும். நான் பின்னால் நின்று தள்ளிவிட்டால் அழகாக எழும்பி நிற்பான். தானாக ஓர் அலையும் பிடிக்க முடியவில்லை. நுரைத் தண்ணீரில் பலகை குறுக்கே திரும்பினால் நெஞ்சில் வந்து அடிக்கும். ஒரு மாதத்தில், "இண்டைக்கு வேணாம் வாப்பா" என்று சொல்லத் தொடங்கினான். அதைக் கேட்டபிறகுதான் பிழை பிள்ளையில் இல்லை, பலகையில் என்று விளங்கியது.

உல்லையில், அதாவது அறுகம்பேயில், பலகை வாடகைக்கு விடும் மச்சான் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு 6 அடி ஃபோம் ஒன்று தந்தார். 20 அங்குல அகலம், 45 லீற்றர். அவர் சொன்ன கணக்கு இது: பழகும் பிள்ளைக்கு உயரத்தைவிட ஒன்றரை, இரண்டு அடி கூடுதலாக இருந்தால் போதும். லீற்றர் அளவு கிலோ எடையைவிடத் தாராளமாகக் கூட இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை தானே அதைத் தூக்கிக்கொண்டு மணலில் நடக்க வேண்டும். கடைசிச் சொல்லைத்தான் நான் இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். தானே தூக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவன் என்னைத் தேடவில்லை. பழகுபவர்கள் இறங்கும் பேபி பொயிண்டில் இரண்டு கிழமைக்குள் ஒரு சின்ன அலையைத் தானாகவே துழாவிப் பிடித்தான். கரையில் நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் பக்கம் சீசன் ஏறக்குறைய ஏப்ரல் கடைசியிலிருந்து ஒக்டோபர் வரை. காலையில் தரையிலிருந்து காற்று வீசும்போது அலை ஒழுங்காக எழும்பும். மதியம் கடற்காற்று ஏறினால் குழம்பிவிடும். அதனால் சுபஹு தொழுதுவிட்டு நேரே கடலுக்குப் போய்விடுவோம்.

இனி லீஷ். பலகையையும் காலையும் இணைக்கும் அந்தக் கயிற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பலகையோடு சேர்த்துத் தந்ததையே நானும் கட்டிவிட்டேன். அது பெரியவர்களின் கணுக்காலுக்கான பட்டி. அவன் காலில் ஒன்றரைச் சுற்றுப் போய், ஒட்டும் பகுதி ஒன்றோடொன்று முழுதாகப் படியவில்லை. விஸ்கி பொயிண்ட் என்ற அலைச்சறுக்கு இடத்தில் ஒரு நாள் விழுந்த வேகத்தில் பட்டி கழன்றது. பலகை அலையோடு கரைக்குப் போய்விட்டது, மகன் கழுத்தளவுத் தண்ணீரில் தனியே. பக்கத்தில் இருந்த ஒரு தம்பி இரண்டே வீச்சில் போய்ப் பிடித்துக்கொண்டான். 2004 சுனாமிக்குப் பிறகு என் உம்மா கடற்கரைக்கே வருவதில்லை. அன்று நடந்ததை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சிறுவர் அளவுப் பட்டி உள்ள லீஷ்தான் வாங்குகிறேன். நீளம் பலகையின் நீளத்துக்குச் சமம். கட்டுவது, பலகையில் நிற்கும்போது பின்னால் இருக்கும் காலில், மகனுக்கு அது வலது கால். ஒட்டும் பகுதியில் மணல் ஏறினால் பிடிமானம் குறையும், அதனால் ஒவ்வொரு நாளும் கிணற்றுத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்கிறோம். கயிற்றில் நகத்துக்குத் தட்டுப்படுகிற வெட்டு ஒன்று இருந்தாலும் மாற்றிவிடுவேன். லீஷைப் பலகையின் வாலில் கட்டும் சின்ன நூலையும் பாருங்கள்: அது நீளமாக இருந்தால், இழுவையில் பலகையின் ஓரத்தை அறுக்கும். பலகையை இரண்டாம் கையாக வாங்கலாம், லீஷை வாங்காதீர்கள்.

மூன்றாம் சீசனில் 6 அடி எப்பொக்சிப் பலகைக்கு, அதாவது எப்பொக்சி ரெசின் பூசிய கடினப் பலகைக்கு, மாறினான். அப்போது 140 சென்ரிமீற்றர், 32 கிலோ. பலகை 38 லீற்றர். திருப்பம் இலகு, வேகம் அதிகம், மகனுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் பாறையில் தட்டி ஓரம் வெடித்தபோது ஒரு பாடம் கிடைத்தது. ஃபைபர் வள்ளம் திருத்தும் சாச்சா, வள்ளத்துக்குப் பூசும் பொலியெஸ்டர் ரெசினையே அன்போடு எடுத்துப் பூசிவிட்டார். எப்பொக்சிப் பலகைக்குள் இருப்பது ரெஜிபோம் (தெர்மக்கோல்). அந்த ரெசின் பட்டதும் அது கரைந்து, விரல் நுழையும் குழி விழுந்துவிட்டது. எப்பொக்சிப் பலகைக்கு எப்பொக்சி ரெசின்தான் பூச வேண்டும். வெடிப்புத் தெரிந்தால் அன்றே கடலிலிருந்து எடுத்து, நன்றாகக் காயவைத்த பிறகுதான் அடைக்க வேண்டும். உள்ளே தண்ணீர் இறங்கிய பலகை பாரமாகிவிடும்.

பலகையின் அடியில் இருக்கும் துடுப்பான ஃபின் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பழகும் காலத்தில் வளையும் மென்மையான ஃபின் நல்லது. விழும்போது பிள்ளையின் காலைக் கிழிக்காது. உப்பில் திருகாணி இறுகிப் பிடித்துக்கொள்ளும், ஆகவே சீசன் முடிந்ததும் கழற்றி, கொஞ்சம் வாஸ்லின் தடவி வையுங்கள். வெயில்தான் பெரிய எதிரி. தகரக் கூரைக்குக் கீழே ஒரு நாள் மதியம் வைத்ததில் ஃபோம் பலகையின் மேல்தோல் கொப்புளம் போட்டது. பிறகு கிடுகுக் கொட்டிலுக்கு மாற்றினேன். ஃபோமில் வயிறு உரசிச் சிவந்துவிடும், நீளக் கை லைக்ரா சட்டை கட்டாயம்.

இந்தச் சீசன் அந்த 6 அடி ஃபோம் சின்ன மகளுக்கு. அறுகம்பேயில் 2018 இல் பெண்களுக்கென்று அலைச்சறுக்குக் கழகம் தொடங்கியபிறகு, பெண்பிள்ளைகள் பலகையோடு இறங்குவதைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். கொப்புளம் போட்ட பழைய பலகைதான், லீஷ் மட்டும் புதிது. நேற்று முற்றத்தில் வைத்து அவள் கணுக்காலில் கட்டிப் பார்த்தோம். மகன் இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "கழராது வாப்பா" என்றான்.