கெர்னல் மேம்படுத்தல்: எந்த லினக்ஸ் பழையதை விட்டுவைக்கிறது?

லினக்ஸின் மையக் கருவான கெர்னலைப் புதிதாக நிறுவிய பிறகு கணினி எழவில்லை என்றால், பூட் மெனுவில் (கணினி தொடங்கும்போது வரும் தேர்வுப் பட்டியலில்) பழைய கெர்னல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். ஒரு லினக்ஸ் வழங்கலின் (ஆர்ச், டெபியன், ஃபெடோரா போன்றவற்றின்) கெர்னல் மேம்படுத்தல் பாதுகாப்பானதா என்பதை நான் இதை வைத்தே எடைபோடுகிறேன்.

ஆர்ச்சில் பழையது மிஞ்சாது. அங்கே கெர்னல் பொதியின் (நிறுவும் மென்பொருள் தொகுப்பின்) பெயர் வெறும் 'லினக்ஸ்'. பெயரில் பதிப்பெண் இல்லை. மற்றப் பொதிகளைப் போலவே, ஆர்ச்சின் பொதி மேலாளரான பேக்மேன் பழையதை அகற்றிவிட்டுப் புதியதை அதே இடத்தில் வைக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்குரிய மாட்யூல்களும் (தேவைப்படும்போது ஏற்றப்படும் துணைப் பகுதிகளும்) வட்டிலிருந்து போய்விடுகின்றன. மேம்படுத்திய கையோடு பென் டிரைவைச் செருகினால் சில வேளை திறக்காமல் போவது இதனால்தான். மறுதொடக்கம் செய்தால் அது சரியாகிவிடும். புதிய கெர்னலே எழாவிட்டால்தான் பாடு: லைவ் யூஎஸ்பி (நிறுவாமலே இயங்கும் லினக்ஸ் உள்ள பென் டிரைவ்) வழியாக உள்ளே நுழைந்து, பேக்மேன் சேமித்து வைத்திருக்கும் பழைய பொதியைத் திரும்ப நிறுவ வேண்டும். ஆகவே ஆர்ச் பயன்படுத்துபவர்கள் நீண்டகால ஆதரவுள்ள கெர்னலான 'லினக்ஸ்-எல்டிஎஸ்' பொதியையும் உடன் நிறுவி, பூட் மெனுவில் சேர்த்துவிடுங்கள். அது இல்லாத ஆர்ச் கணினியில் வேலைக்கான எதையும் நான் வைக்கமாட்டேன்.

டெபியனிலும் உபுண்டுவிலும் பதிப்பெண் பொதியின் பெயரிலேயே இருக்கிறது. அதனால் புதியது பழையதன் பக்கத்தில் வந்து அமர்கிறது. ஆனால் 'ஏபிடி-கெட் அப்கிரேட்' கட்டளை புதிய பெயருள்ள பொதி எதையும் நிறுவாது. கெர்னலை நிறுத்திவைத்திருப்பதாக ஒரு வரி சொல்லிவிட்டு முடிந்துவிடும். அந்த வரியைக் கவனிக்காதவர்கள் பாதுகாப்புத் திருத்தம் வந்துவிட்டதாகவே நம்பிக்கொண்டிருப்பார்கள். 'ஏபிடி அப்கிரேட்' அதை நிறுவும். மற்றொரு தொல்லை இடம். பூட் பகிர்வு தனியாகவும் சிறியதாகவும் இருந்தால், பழைய கெர்னல்கள் சேர்ந்து அது நிரம்பிவிடும். கெர்னல் எழத் தேவையான இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை எழுத முடியாமல் நிறுவல் பாதியில் நிற்கும். அந்த நிலையில் மறுதொடக்கம் செய்யவே கூடாது. தேவையற்ற பழைய கெர்னல்களை நீக்கி, நிறுவலை முழுமையாக்கிய பிறகே செய்ய வேண்டும். தேவையற்ற பொதிகளை நீக்கும் 'ஆட்டோரிமூவ்' கட்டளை ஓடும் கெர்னலையும் அண்மையவற்றையும் தொடாது என்பதால், அதை அவ்வப்போது தயங்காமல் இயக்கலாம்.

ஃபெடோரா இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்கிறது. இயல்பான வரம்பு 3 கெர்னல்கள். நான்காவது வரும்போது மிகப் பழையது விடைபெறும், ஓடுவது தப்பிக்கும். ஃபெடோராவின் பொதி மேலாளரான டிஎன்எஃப்பை விட்டுவிட்டு, அதன் அடியில் உள்ள ஆர்பிஎம் கட்டளையைக் கையால் இயக்குபவர்கள் மட்டும் பழைய ரெட் ஹாட் விதியை மறக்கக் கூடாது: கெர்னலுக்கு 'நிறுவு' என்ற தெரிவுதான், 'மேம்படுத்து' அல்ல. இரண்டாவது தெரிவு பழையதை அழித்துவிடும்.

ஓப்பன்சூசே இன்னும் ஒரு படி மேலே போகிறது. பழைய கெர்னலை வைத்திருப்பதோடு, பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் இயல்பு அமைப்பாக நிறுவியிருந்தால், ஒவ்வொரு மேம்படுத்தலுக்கும் முன்னும் பின்னும் ஸ்னாப்பர் என்ற கருவி ஒரு நிலைப்பதிவு (அமைப்பின் அந்நேர நிலையின் பதிவு) எடுத்துவைக்கிறது. கெர்னலோடு சேர்ந்து வந்த வேறொரு பொதி பழுதானாலும், கிரப் என்ற பூட் மெனுவிலிருந்தே முந்தைய நிலைக்குள் நுழைந்து முழு அமைப்பையும் திருப்பிவிடலாம். புதியவர்களுக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன், அடுத்தது ஃபெடோரா.

என்விடியா டிரைவர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டெபியனில், ஒவ்வொரு கெர்னலுக்கும் ஏற்ப மாட்யூலை உருவாக்கும் டிகேஎம்எஸ் வழியாக நிறுவியிருந்தால், புதிய கெர்னலுக்குரிய ஹெடர் பொதி இல்லாமல் மாட்யூல் உருவாகாது. மறுதொடக்கத்துக்கு முன் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' என்று கேட்டு, புதிய பதிப்பெண்ணுக்கு எதிரே 'இன்ஸ்டால்ட்' என்று வருகிறதா எனப் பாருங்கள்.